பின் பொருந்தினால் போதுமா?

மார்கழி மாதத்துச் சபா. மேடைக்கு எதிரே மிக்சர் மேசை. வாசலில் தொலைக்காட்சிக்காரர்களின் ஓ.பி. வேன். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். கச்சேரிக்கு 10 நிமிடம் இருக்கும்போது அதைச் சுற்றி நான்கு பேர் நின்று ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள். பாதிக்கு மேல் யாரோ ஒரு அண்ணன் என்றோ சொல்லிவைத்தவை. சில இன்னும் உயிரோடு உலவுகின்றன.

நம்பிக்கை: ஜாக் உள்ளே போனால் கனெக்‌ஷன் சரி.

ஒரு கல்யாண மண்டபத்தில் இதன் விலையைப் பார்த்தேன். போனின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்சரின் பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் இன்புட்டுக்கு ஒரு தம்பி கேபிள் போட்டார். வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, பாடகரைக் காணோம். அவர் குரலின் எதிரொலி மட்டும் ஆவி போல எங்கோ அலைகிறது. “தம்பி, கரோக்கி வேண்டாம், பாட்டைப் போடுங்க” என்றார் பெண்ணின் மாமா.

போனிலும் மூன்று தொடர்பு கொண்ட ஜாக், பேலன்ஸ்டு லைனிலும் அதே ஜாக். வேலைதான் வேறு. போனில் இடது, வலது, கிரவுண்ட். பேலன்ஸ்டு லைனில் ஒரே ஒலியின் பிளஸ், மைனஸ், கிரவுண்ட். பேலன்ஸ்டு இன்புட் ஒரு கம்பியிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளும். சினிமாப் பாட்டில் குரல் பெரும்பாலும் நடுவில், அதாவது இடதிலும் வலதிலும் சமமாக இருக்கும். சமமானதைக் கழித்தால் பூஜ்யம், பாடகர் அம்பேல். ஸ்டீரியோவை இரண்டு தனி லைனாகப் பிரித்து இரண்டு இன்புட்டில் கொடுக்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

நம்பிக்கை: பேலன்ஸ்டு லைன் இரைச்சலைத் தடுப்பது, இரு கம்பியிலும் எதிரெதிர் சிக்னல் ஓடுவதால்.

படித்தவர்களே சொல்லும் தவறு இது. வழியில் தொற்றும் இரைச்சல் இரு கம்பியிலும் சம அளவில் ஏறினால் கழித்தலில் அடிபட்டுப் போகும். அந்தச் சமத்தைத் தருவது, கிரவுண்டுக்கு இரு கம்பிக்கும் உள்ள இம்பீடன்ஸ் ஒன்றாக இருப்பது. சிக்னல் ஒரு கம்பியில் மட்டும் ஓடினாலும் கவலையில்லை. பல நல்ல கருவிகளில் எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் பின்னில் மட்டுமே ஒலி வரும்; 3-ஆம் பின் அதே அளவு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் நிற்கும்.

நம்பிக்கை: எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டை ஆர்சிஏ-வுக்கு மாற்ற, கிரவுண்டான 1-ஆம் பின்னையும் 3-ஐயும் சேர்த்துச் சால்டர் அடித்தால் முடிந்தது.

எந்த அவுட்புட் என்று முதலில் கேளுங்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் ஒலி மெலிந்து, அடி கனமில்லாமல் வரும். மேலே சொன்ன ரெசிஸ்டர் வகையில் எப்படி விட்டாலும் பாதகமில்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயர் 2-ஐயும் 3-ஐயும் தனித்தனியாக ஓட்டும் சாதாரண வகையில் சேர்த்தால், ஒரு ஆம்ப்ளிஃபயரை நேராகக் கிரவுண்டில் மோதவிட்டதாகும். சூடேறும், ஒலி கரகரக்கும். அங்கே 3-ஐச் சும்மா விடுங்கள். ஒலி 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். எந்த வகை என்பது கருவியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பவர்தான் இல்லை.

அளவையும் பாருங்கள். தொழில்முறைக் கருவியின் வழக்கமான அளவு +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிக்கு -10 டிபிவி, 0.316 வோல்ட். ஏறக்குறைய நான்கு மடங்கு. நேராகச் செருகிவிட்டு “கேமராவில் ஒலி கிழியுது” என்று கேமராமேனைத் திட்டக் கூடாது.

நம்பிக்கை: ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளால் இரண்டை ஒன்றாகவும் சேர்க்கலாம்.

பிரிக்கலாம், சேர்க்கக் கூடாது. ஒரு அவுட்புட்டின் இம்பீடன்ஸ் சுமார் 100 ஓம். இன்புட்டுடையது 10,000 ஓமுக்கு மேல். அதனால் ஒரு அவுட்புட் இரண்டு மூன்று இன்புட்டைச் சிரமமின்றித் தாங்கும். இரண்டு அவுட்புட்டைப் பிணைத்தால் ஒன்றுக்கொன்று 100 ஓம் பாரமாக நின்று மல்லுக்கட்டும். சேர்க்கத்தான் மிக்சர் இருக்கிறதே!

600 ஓம் பொருத்தம் பார்க்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தொலைபேசிக் கம்பிக் காலத்து வழக்கம். அந்த 600 ஓமில் 1 மில்லிவாட் என்ற கணக்கில் பிறந்ததுதான் டிபியு கணக்கின் பூஜ்யமான 0.775 வோல்ட். பழைய டிரான்ஸ்ஃபார்மர் கருவிகளை விட்டால், இன்றைய அனலாக் லைனுக்கு அந்த ஜாதகம் தேவையில்லை. டிஜிட்டலுக்கு உண்டு: 1985-இல் வெளிவந்த ஏஇஎஸ்3 தரம் எக்ஸ்எல்ஆரில் 110 ஓம் கேபிளைக் கேட்கிறது. மைக் கேபிள் சில மீட்டர் வரை பிழைத்துப் போகும், ஓ.பி. வேன் தூரத்துக்கு அதை நம்பினால் நடுக் கச்சேரியில் ஒலி அறுந்து அறுந்து வரலாம்.

கடைசி நம்பிக்கை, ஆளைக் கொல்லக்கூடியது: ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் பவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்று.

இரைச்சல் நிற்பது உண்மைதான். ஆனால் கருவிக்குள் கோளாறு வந்தால் மின்சாரம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக மைக் வரை போகலாம். மைக்கில் உதடு பதித்துப் பாடுகிறவரை நினைத்துப் பாருங்கள். நம் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதே அது முதலில் தொட வேண்டும் என்பதற்காகத்தான். இரைச்சலை ஆடியோ பக்கத்தில் தீருங்கள்: லைனின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், இல்லையென்றால் பேலன்ஸ்டு லைனில் வாங்கும் முனையில் மட்டும் ஷீல்டைக் கழற்றுங்கள். மைக் கேபிளில் மட்டும் இது வேண்டாம். 48 வோல்ட் பாண்டம் பவர் திரும்பும் வழி அந்த ஷீல்டுதான்.

எர்த் பின் ஒடித்த பிளக் உங்கள் பெட்டியில் ஒன்றாவது கிடக்கும். இன்றைக்கே எடுத்து, வேறு யாரும் பொறுக்கி மாட்டாதபடி ஒயரை வெட்டி எறிந்துவிடுங்கள்.