நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அயலவர் கடமையும்

கொழும்புத்துறையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி ஓர் ஆச்சி இருந்தார். புற்றுநோய் முற்றிவிட்டதால் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உம்மா நாளாந்தம் கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவார். நானோ அந்தப் படலையைக் கடக்கும்போது வேகமாக நடந்துவிடுவேன். சுகமாகிவிடும் என்று சொன்னால் பொய். வேறு என்ன கதைப்பது என்றும் தெரியாது.

ஒருநாள் உம்மாவுக்குக் காய்ச்சல். கஞ்சியுடன் நான் போனேன். ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, மகள் குளிச்சிட்டு வருமட்டும் இதில இருக்கிறியோ?" இரவு பகலாகப் பார்த்த அந்த மகளை அரைமணி நேரம் மாற்றிவிட ஆளிருக்கவில்லை. அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

குணமாக்க முடியாத நோயாளிக்கும் செய்ய வேண்டியவை பல உண்டு. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண் என்பவற்றைக் குறைத்து, நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கிக்கொள்வதே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. தாதியாகவும் சமூக சேவையாளராகவும் பணியாற்றிப் பின்னர் வைத்தியரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும் குடும்ப நிலையிலும் ஆன்மாவிலும் உண்டு என்று அவர் விளக்கினார். அவற்றுள் மாத்திரையால் தீராத பகுதிக்கு மனிதர்கள்தாம் வேண்டும்.

அம்மனிதர்களை ஊருக்குள்ளேயே கண்டெடுத்தது கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய வைத்தியர்கள் இதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். ஆனால் படுக்கையில் கிடப்பவர் வைத்தியசாலைக்கு வருவது எப்படி? எனவே மலப்புறம் முதலிய வட மாவட்டங்களில் 2001 அளவில் அயலவர் வலையமைப்பு உருவானது. வாரத்தில் இரண்டு மணிநேரம் ஒதுக்கக்கூடிய எவரும் சேரலாம். 16 மணிநேர வகுப்பும், மேற்பார்வையின் கீழ் நான்கு நாள் செயன்முறைப் பயிற்சியும் பெறுவர். பின்னர் தாதியுடன் வீடு வீடாகச் செல்வர். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசியும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் சேர்ப்பர். மாணவர்களும் இதில் பங்கெடுக்கின்றனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது.

தொண்டர் வைத்தியர் அல்லர். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அவர் வேலையல்ல. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, உலர்ந்த உதட்டை நனைப்பது, வலி கூடினால் தாதிக்கு உடனே அறிவிப்பது, சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது என்பனவே அவர் பணி. தவறான பயங்களைப் போக்குவதும் அதில் அடங்கும். மோர்பீனுக்கு அடிமையாகிவிடுவோம் என்று பயந்து பலர் வலியைச் சகித்துக்கொள்கிறார்கள். வைத்தியர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் எடுப்பதே சரி. எங்கள் ஆச்சியும் மாத்திரைகளைத் தலையணைக்கடியில் மிச்சம்பிடித்து வைத்திருந்தார். நான் அதைக் கண்டேன். ஆனால் தவறென்று தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை என் மனதை உறுத்துவது அதுவே.

எமது குடாநாட்டிலும் பொதுமக்களின் முயற்சிக்கு நல்ல சான்று உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சென்றவர்கள் திரட்டிய நிதியில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஆனால் அங்கிருந்து வீடு திரும்பிய நோயாளியின் படலை வரைக்கும் யாராவது நடக்க வேண்டுமே! அந்தத் தூரம் அயலவர்களாகிய எமக்குரியது.

நோயாளியை நலம் விசாரிப்பதை எமது மார்க்கம் கடமையாகச் சொல்கிறது. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் சென்று அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள். அயலவர் எந்த மதத்தவர் என்று பார்ப்பதற்கு இங்கே இடமில்லை.

தோழிகளே, உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை எமக்கு மாதக்கணக்கில் ஓய்வு கிடைக்கும். தாதி ஒருவரை எமது கல்லூரிக்கு அழைத்து அடிப்படைப் பயிற்சியைப் பெறுவோம். வாரத்தில் இரண்டு மணிநேரம் போதும்.

ஆச்சி நோன்பு தொடங்குமுன்பே காலமாகிவிட்டார். இப்பொழுது அந்தப் படலையை நான் மெதுவாகத்தான் கடக்கிறேன். உள்ளே இருக்கும் மகள் கண்டால், "வா பிள்ளை" என்று கூப்பிடுவார். நான் போய்ச் சற்றுநேரம் இருந்துவிட்டு வருகிறேன்.