படத்தொகுப்பிற் புதுக்கருவி தொழிலுக்குத் தகுமா?

புதியது என்னும் ஒரே காரணத்தால் ஒரு கருவியைப் போற்றுவாரும், அதே காரணத்தால் அதனைத் தூற்றுவாரும் எத்தொழிலிலும் உளர். இவ்விரு சாராரும் ஆராயாது தீர்ப்புக் கூறுவோரே ஆவர். நம் மாணாக்கருட் சிலர் இக்காலத்தே படத்தொகுப்பிற் பழகி, அதனையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவும் எண்ணுகின்றனர். ஆதலின், அத்தொழிற்கென வெளிவரும் புதிய மென்பொருள் நம்பத்தக்கதா என்பதை அறியும் வழி யாது என ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொதுப்படப் பேசுவதினும், நடந்த வரலாறொன்றை எடுத்து நோக்குதல் நலமாம்.

முற்காலத்திற் படத்தொகுப்பாளர் படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டியே படத்தை உருவாக்கினர். 1924-ஆம் ஆண்டில் தோன்றிய மூவியோலா என்னும் இயந்திரம் நெடுங்காலம் அவர்க்குத் துணை செய்தது. பின்னர் 1989-இல் அவிட் நிறுவனம் கணினி வழித் தொகுக்குங் கருவியைக் கொணர்ந்தது. கணினியால் தொகுக்கப்பெற்று, தொகுப்பிற்குரிய ஆஸ்கர் பரிசை முதன்முதற் பெற்ற படம் 1996-இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' ஆகும். அதனைத் தொகுத்தவர் வால்ட்டர் மர்ச் என்பவர்.

1999-இல் ஆப்பிள் நிறுவனம் 'பைனல் கட் புரோ' என்னும் மென்பொருளை வெளியிட்டது. விலை குறைந்த அக்கருவி பெரும்படங்களுக்கு ஏற்குமோ என ஐயுற்றோர் பலர். ஆயினும் அதே மர்ச், 2003-இல் வெளிவந்த 'கோல்டு மவுண்டன்' என்னும் பெரும்படத்தை அதனைக் கொண்டே தொகுத்து முடித்தார். 2010-இல் வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்', 2011-இல் வந்த 'தி கேர்ல் வித் தி டிராகன் டாட்டூ' ஆகிய இரண்டும் அம்மென்பொருளால் தொகுக்கப்பெற்று ஆஸ்கர் பரிசும் பெற்றன. இங்ஙனம் ஒருகாலத்தில் ஐயத்திற்கிடமான புதுக்கருவியே தொழிலாளரின் வலக்கைபோல் ஆயிற்று.

இந்நிலையில், 2011-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் 'பைனல் கட் புரோ எக்ஸ்' என்பதனை வெளியிட்டது. அது பழையதன் திருத்தமன்று. அடிமுதல் புதிதாய் எழுதப்பட்டது. விலையோ ஏறக்குறைய 300 டாலர். கணினியின் நினைவகத்தைப் பழையதினும் மிகுதியாய் அது பயன்படுத்திற்று. தொகுப்பாளர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியிற் பிற கணக்குகளை முடித்தது. ஒரு காட்சியை நீக்கின் அடுத்தது தானே நகர்ந்து இடைவெளியை நிரப்பிற்று. தனித்திருந்து படம் செய்வார்க்கு இவையனைத்தும் பெரு நன்மைகளே.

அங்ஙனமாயின் தொழிலாளர் சினந்தது ஏன்? ஏழாம் பதிப்பில் தாம் தொகுத்த வேலையைப் புதியதில் திறக்க அவர்களால் இயலவில்லை. பல காமிராக்களாற் பிடித்த காட்சிகளை ஒருங்கே நோக்கி வெட்டும் வசதி அதில் இல்லை. ஒலியமைப்பாளர்க்கும் வண்ணம் திருத்துவார்க்கும் வேலையைக் கையளித்தற்குரிய வழிகள் இல்லை. ஒளிபரப்பு நிலையங்கள் அக்காலத்திற் கேட்ட நாடாவிற் பதிந்து கொடுக்கவும் இயலவில்லை. இவற்றிற்கெல்லாம் மேலாக, பழைய மென்பொருளின் விற்பனையும் உடனே நிறுத்தப்பட்டது. புதிதாய் ஒரு கணினியையோ உதவியாளரையோ சேர்க்க விரும்பிய தொழிற்கூடத்தார் செய்வதறியாது திகைத்தனர். குறை கூறி விண்ணப்பங்கள் எழுந்தன. வேறு மென்பொருளுக்கு மாறியோரும் பலர்.

இங்கு நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. அக்கருவி வெட்டுதலிலும் ஒட்டுதலிலும் தாழ்ந்ததன்று. தொழில் என்பது ஒருவர் தனியே செய்வதன்று, பலர் கைமாறி நிறைவேறுவது என்பதையே அதன் முதற்பதிப்பு மறந்தது. தனி ஒருவர் கையிற் சிறந்ததாயினும், அடுத்தவர்க்குக் கொடுக்கவும் முன்னைய வேலையைப் பெறவும் இயலாத கருவி தொழிற்கு இன்னும் முதிரவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் நடுவுநிலையோடு சொல்லுதல் கடன். அவ்வாண்டு செப்டம்பரிலேயே பிற மென்பொருள்களோடு வேலையைப் பரிமாறும் வழி சேர்க்கப்பட்டது. பழைய மென்பொருளும் ஓரளவில் மீண்டும் விற்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியிற் பல காமிராத் தொகுப்பு வந்தது. 2015-இல் வெளிவந்த 'போகஸ்' என்னும் ஹாலிவுட் படம் இப்புதுக்கருவியாலேயே தொகுக்கப்பட்டது. ஆகவே, வெளிவந்த நாளிற் பழித்தோர் கூறியது பொய்யன்று. நான்காண்டு கழித்துப் புகழ்ந்தோர் கூறியதும் பொய்யன்று. கருவியின் தகுதி காலந்தோறும் மாறுவது என்க.

மற்றொரு புறம் பழமையின் வலிமையையும் காண்மின். 2019-இல் வெளிவந்து மறு ஆண்டிற் சிறந்த படத்திற்குரிய ஆஸ்கர் பரிசைப் பெற்ற கொரியப் படமாகிய 'பாரசைட்', கைவிடப்பட்ட அவ்வேழாம் பதிப்பிலேயே தொகுக்கப்பட்டது. கை பழகிய கருவியிற் கலைஞர் மனம் தடையின்றி இயங்கும். எனினும், 2017-இல் வந்த ஆப்பிள் கணினியின் இயங்குதளத்தில் அப்பதிப்பு திறவாது. பழையதைக் காப்போர் பழைய கணினியையும் உடன் காத்தல் வேண்டும். பழமைக்கும் விலை உண்டு.

இவ்வரலாற்றினின்று மாணாக்கர் கொள்ளத்தக்க சோதனைகள் மூன்று. முதலாவது, சிறு வேலையொன்றைத் தொடக்கமுதல் முடிவுவரை புதுக்கருவியிற் செய்து, ஒலியமைப்பார் கையிலும் வண்ணந் திருத்துவார் கையிலும் கொடுத்துத் திரும்பப் பெறுக. பாதி வழி சென்று மெச்சுதல் சோதனையாகாது. இரண்டாவது, சென்ற ஆண்டு வேலை அதனுள் திறக்குமா எனப் பார்க்க. திறவாதாயின் அதற்குரிய மாற்று வழியை முன்னரே அமைக்க. மூன்றாவது, எடுத்த பணி முடியுமுன் கருவியை மாற்றற்க. பழையதைக் கைவிடுதற்கு முன் புதியதிற் சில பணிகளேனும் நிறைவேறியிருக்க வேண்டும். ஆழம் அறியாமற் காலை விடலாகாது என முதியோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

பிறர் நம் கையில் ஒப்புவிப்பது வெறும் படமன்று. ஒரு வீட்டின் திருமணக் காட்சியும், மறைந்த பெரியார் ஒருவரின் கடைசி உரையும் மீண்டும் நிகழா. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் கை, புதுமையில் ஆசை உடையதாயிருத்தல் தவறன்று. உரிய நாளிற் பழுதின்றித் திருப்பிக் கொடுக்கும் உறுதியும் உடையதாயிருத்தல் வேண்டும். அவ்வுறுதிக்குத் துணை நிற்கும் கருவியே தொழிலுக்குத் தகுந்த கருவி என்பது நமது துணிபு.