பயணப் பையில் ஒரு பணியறை

அலுவலகம் என்றதும் மேசையும் நாற்காலியும் நம் கண்முன் வருகின்றன. ஆனால், வேலை நடைபெறுவது மேசையால் அன்று; வேலைக்கு வேண்டியவை கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால்தான். அவற்றை ஒரு பையில் அடக்கித் தோளில் மாட்டிக்கொண்டால், நாம் அமரும் இடமெல்லாம் பணியறை ஆகிவிடும். தலைநகரில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இக்கலை மிகவும் தேவை. புது தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியிலேயே கழிகின்றன. தேர்வும் ஆய்வேடும் நெருங்கும் காலத்தில் அந்த ஒரு பகல் சிறிய பொருளன்று.

பயணத்தையே ஆய்வுக்காலமாக ஆக்கிக்கொண்ட இருவரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த சி. வி. இராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பினார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்பது இராலே பிரபுவின் கருத்து. இராமன் தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியாக, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை விலக்கிக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் செறிந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என்று அவர் கருதினார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே 'நேச்சர்' இதழுக்குக் கடிதமும் எழுதிவிட்டார். 1928-இல் இராமன் விளைவைக் கண்டறிவதற்கு வழியிட்ட சிந்தனைகளுள் இதுவும் ஒன்று.

அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அப்போது வயது 19. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் கருத்தை அந்தப் பயணத்தில் இட்ட கணக்கிலேயே எட்டினார். ஒருவர் கையில் இருந்தது ஒரு சிறு பட்டகம். மற்றவர் கையில் இருந்தவை சில நூல்களும் தாளும். ஆயினும், இருவர் மனத்திலும் தெளிவான வினா இருந்தது. பையில் முதலில் வைக்க வேண்டியது அந்த வினாதான்.

ஆகவே, புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு தாளில் மூன்று வேலைகளை எழுதுக. "ஆய்வேடு" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "இரண்டாம் இயலின் வரைபடங்களுக்கு விளக்கம்" என்பது போல் எழுத வேண்டும். மூன்றனுள் ஒன்று இணையமும் மின்சாரமும் வேண்டுவது. ஒன்று மின்சாரம் மட்டும் வேண்டுவது. ஒன்று எழுதுகோல் மட்டும் வேண்டுவது. எல்லாம் செவ்வனே கிடைக்கும் என்று எண்ணிப் பை கட்டுவோர் பலர். கிடைக்காது என்று எண்ணிக் கட்டுவதே முறை. எந்த வேலைக்கும் உதவாத பொருள் விடுதி அறையிலேயே இருக்கட்டும்.

முதலில் மின்சாரம். வண்டியில் மின்னேற்றப் புள்ளி உண்டு. ஆயினும் அதை முழுதும் நம்புவதற்கில்லை. தீ விபத்தைத் தடுக்கும் பொருட்டு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அதை அணைத்து வைக்கும் முறையை 2021-இல் சில ரயில்வே மண்டலங்கள் நடைமுறைப்படுத்தின. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மடிக்கணினியின் மின்கலம் 50 வாட்-மணி என்று கொள்வோம். எழுதும் வேலைக்கு 10 வாட் செலவானால் 5 மணி நேரம் ஓடும். பவர் பேங்கின் மீது 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று இருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 74 வாட்-மணி கிடைக்கும். மின்னழுத்தத்தை மாற்றும்போது அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். எஞ்சியதே நமக்கு. அது மடிக்கணினிக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தருமா என்பதையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். விமானத்தில் செல்வோர், 100 வாட்-மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தல் கூடாது.

அடுத்தது இணையம். மலையும் காடும் குறுக்கிடும் வழியில் கைப்பேசி அலை விட்டுவிட்டே கிடைக்கும். படிக்க வேண்டிய கட்டுரைகளை முன்னதாகவே கணினியில் இறக்கிக்கொள்க. இறக்கிய பின் இணையத்தைத் துண்டித்து, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்துவிடுக.

இரண்டும் கைவிட்டபோது துணை நிற்பவை தாளும் பென்சிலுமே. மேல் படுக்கையில் மல்லாந்து எழுதினால் பந்துமுனைப் பேனா சிறிது நேரத்தில் நின்றுவிடும். மை கீழிறங்கப் புவியீர்ப்பு வேண்டும். பென்சிலுக்கு அந்தக் கவலை இல்லை. கெட்டி அட்டையுள்ள நோட்டு எடுத்துக்கொண்டால் மேசையும் தேவையில்லை.

இனி, பொருள்களை அடுக்கும் முறை. கனமானது முதுகை ஒட்டியே இருக்க வேண்டும். 6 கிலோ எடையுள்ள பையின் ஈர்ப்பு மையம் முதுகிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், நம்மைப் பின்னால் இழுக்கும் திருப்புவிசை ஏறத்தாழ 6 நியூட்டன்-மீட்டர். 20 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது 12. எடை அதுவே, வலி இரு மடங்கு! பள்ளிக் குழந்தையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. அந்த அளவு நமக்கும் நல்லதே. மின்வடங்களையும் மின்னேற்றியையும் ஒரு சிறு உறையில் இட்டு, எப்போதும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். இருட்டிலும் கை அதைக் கண்டுகொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிது ஒன்று உண்டு. என் ஆய்வக நண்பர் ஒருவரின் பை சென்ற ஆண்டு ஒரு சந்திப்பு நிலையத்தில் களவு போயிற்று. கணினி போனதற்கு அவர் வருந்தவில்லை. கடன் பெற்று வேறொன்று வாங்கினார். ஆனால், நான்கு மாதங்கள் இரவு பகலாக எடுத்த அளவீடுகள் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. சோதனைக்குரிய மாதிரியோ முன்பே செலவாகியிருந்தது. அதை மீண்டும் உருவாக்கும் பணியில் அவருடைய ஒரு பருவம் கழிந்தது. பணத்தால் மீட்க முடியாத எதுவும் பையில் மட்டும் இருத்தல் ஆகாது. அளவீடுகளின் ஒரு படி இணையச் சேமிப்பில் இருக்கட்டும். மற்றொரு படி விடுதியிலோ ஆய்வகத்திலோ இருக்கட்டும். கையால் எழுதிய பக்கங்களையும் புறப்படுமுன் படமெடுத்து வைக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அரை மணி. காப்பது ஓர் ஆண்டு உழைப்பு.

நண்பர்களே! பயணம் முழுவதும் பணி செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. எதிர் இருக்கைப் பெரியவரின் பேச்சும் சன்னலோரக் காட்சியும் நமக்கு வேண்டியவையே. எழுதிவைத்த மூன்றில் இரண்டை முடித்துவிட்டால் பையை மூடிவிடலாம். ஊரில் இறங்கும்போது அம்மாவோடு அமர்ந்து பேச நமக்கு நேரம் இருக்கும். அந்த நேரத்தைத் தேடிக் கொடுப்பதே நன்கு கட்டிய பையின் பயன்.