பதறாதவன் பிடிபடான்

தம்பி, கல்லூரிக் கபடி அணியில் ரைடராக இடம் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உன் கை நீளத்தையும் கால் வேகத்தையும் பற்றி நம் ஓரிக்கையில் பேசாத திண்ணை இல்லை. நான் பேசப் போவது வேறு. எதிரே ஏழு பேர், உனக்கு முப்பது விநாடி. தொட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிற வயது உனக்கு. ஆனால் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் புள்ளி உன் கணக்கில் ஏறும். அந்தத் திரும்பலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாலாற்று மணலில் ஆடியும், ஆட முடியாமல் போன பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. பயப்படாதே என்று சொல்லமாட்டேன். ஏழு பேர் கூடி நெருக்கும்போது பயம் வராதவன் பொய் சொல்கிறான். ஆனால் அந்தப் பயம் உன் பாட்டில் ஏறக் கூடாது. ‘கபடி கபடி’ என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று வேகமெடுத்து மெலிந்தால், மூலையில் நிற்கிற பழைய பிடிகாரனுக்கு அதுவே போதும். எங்கள் காலத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் போட்டி இரவில்தான் நடக்கும். வெளிச்சம் பாதி இடத்துக்கு எட்டாது. அந்த அரை இருட்டில் குரலை வைத்தே ஆளைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூச்சு உன் வசம் இருக்கும்வரை களமும் உன் வசம்தான். தினம் காலையில் ஓடும்போது பாடிக்கொண்டே ஓடு. ஆற்றங்கரையில் போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

2. முகத்தைப் பார்க்காதே, இடுப்புக்குக் கீழே பார். முகம் நடிக்கும், கால் நடிக்காது. கணுக்காலுக்குப் பாயப் போகிற மூலைக்காரனின் பின்னங்கால் குதிகால் மண்ணிலிருந்து லேசாக எழும்பும். உன்னையே முறைத்துக்கொண்டு நிற்பவன் பெரும்பாலும் வேடிக்கை காட்டுகிறவன். உன்னைப் பார்க்காததுபோல் மூலைக்கும் நடுவுக்கும் இடையில், ‘கவர்’ இடத்தில் நிற்கிறானே ஒருவன், அவன்தான் மோதித் தள்ள வருவான்.

இந்தப் பார்வைக்கு வேறொரு ஆட்டத்திலிருந்து ஓர் உதாரணம். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆள் உண்டு. பந்தை வைத்துக்கொண்டு அவன் நிற்பான். அவனைச் சாய்க்க எதிரணி மலைபோல வரும். அந்த நெரிசலுக்குள் நின்றுகொண்டே தூரத்தில் ஓடுகிற தன் ஆளைக் கண்டுபிடித்து எறிய வேண்டும். டாம் பிராடி என்பவர் அந்த இடத்தில் 45 வயது வரை ஆடி, அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். 2000-ல் அணிகள் புது ஆட்களைத் தேர்வு செய்தபோது அவரை 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். காரணங்களில் ஒன்று, ஓட்டத்தில் அவர் மந்தம். கால் மந்தமானவர் எப்படித் தப்பினார்? நெருக்கடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு ஓர் அடி நகர்வார், அவ்வளவுதான். சாய்க்க வந்தவன் காற்றைப் பிடிப்பான். உனக்கு வேகம் இருக்கிறது. அதனாலேயே இந்தப் பார்வையைப் பழகாமல் விட்டுவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை.

3. தொட்ட பிறகுதான் ஆபத்து அதிகம். விரல் பட்டதும் கையை உயர்த்தி நடுவரைப் பார்க்கிற பழக்கம் உனக்கு வந்திருக்கிறது, போன வாரம் கவனித்தேன். அந்தக் கணத்தில் உன் உடம்பு நிமிர்ந்துவிடுகிறது, கால் நின்றுவிடுகிறது. தொடப்பட்டவனுக்கு இனி இழக்க ஒன்றுமில்லை, அவன் முழு பலத்தோடு விழுவான். தொட்டதும் கண் நடுக்கோட்டில் இருக்கட்டும். கைதட்டலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

4. வெறுங்கையோடு திரும்பக் கற்றுக்கொள். இதுதான் இளம் பிள்ளைகளுக்குக் கஷ்டமான பாடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கிற கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பினால் உன் ரைடு செல்லும். புள்ளி இல்லை, ஆனால் நீ உயிரோடு இருக்கிறாய். கூட்டம் கத்தும். “என்னடா கோலம் போடப் போனியா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்பான். கேட்கட்டும். அந்த வெறும் ரைடில் யார் எந்தக் காலை முன்வைக்கிறான், யார் யாருடைய கையைக் கோத்திருக்கிறான் என்று பார்த்து வந்தால் அது வீண் ரைடு இல்லை. புரோ கபடி லீக் ஆட்டங்களில் இரண்டு ரைடு வெறுமையானால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நீ வெளியே. அந்த மூன்றாவதுக்காக மற்ற இரண்டிலும் படித்து வைத்திருக்க வேண்டும்.

எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். பிள்ளைகள் அங்கேதான் பேராசைப்படுவார்கள், ‘ஆல் அவுட்’ ஆக்கிவிடலாம் என்று உள்ளே ஆழமாகப் போவார்கள். அப்போது உன்னைப் பிடித்தால் அவர்களுக்கு இரண்டு புள்ளி. ஆள் குறைந்த அணி கோபமான அணி.

நிதானம் என்றால் என்ன என்று பார்க்க, 2016-ல் அகமதாபாதில் நடந்த கபடி உலகக் கோப்பை இறுதியாட்டத்தை யூடியூபில் தேடிப் பார். இடைவேளையில் ஈரான் 18-13 என்று முன்னால். இந்திய அணிக்கு அனூப் குமார் தலைவர். அவர் முகத்தில் எந்த அணி முன்னால் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூர் அடுத்தடுத்துப் புள்ளிகள் எடுத்துத் திரும்பினார், இந்தியா 38-29 என்று வென்றது. அடுத்த வருடம் புரோ கபடியில் நம் தமிழ் தலைவாஸ் அணி முதன்முதலாகக் களமிறங்கியபோது தலைவர் அந்த அஜய்தான். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

5. பிடித்துவிட்டார்களா? பாட்டை நிறுத்தாதே. பிடிபட்ட அதிர்ச்சியில் வாய் மூடிப் போனவர்கள் எத்தனையோ பேர். பிடித்தவனோடு மல்லுக்கட்டாதே, அவனையும் இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கிப் போ. விரல் நுனி தாண்டினாலும் புள்ளி உனக்குத்தான்.

புரோ கபடி ரைடர் பர்தீப் நர்வாலின் ‘டுப்கி’யை நீயும் செய்து பார்ப்பதாகச் சொன்னார்கள். கைகோத்த சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவுகிற வித்தை. 2017-ல் ஹரியானா அணிக்கு எதிராக ஒரே ரைடில் ஆறு பேரைத் தொட்டு, ஆல் அவுட்டையும் சேர்த்து எட்டுப் புள்ளி எடுத்தவர் அவர். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தலையைக் கொடுத்து நுழைகிற ஆட்டம் அது, மேலே விழுகிற எடை முழுக்கக் கழுத்தில் இறங்கும். கழுத்தும் முதுகும் உரமேறும்வரை அதைத் தள்ளி வை. கோச் பக்கத்தில் இல்லாமல் செய்யவே செய்யாதே.

6. மண்ணில் ஆடி வளர்ந்தவன் நீ. ‘மேட்’ விரிப்பில் கால் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். மண்ணில் சுழன்று திரும்புகிற அதே வேகத்தில் விரிப்பில் திரும்பினால் பாதம் நின்றுவிடும், முட்டி மட்டும் திரும்பும். நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் இப்படி ஆட்டத்தையே விட்டிருக்கிறார்கள். ஷூ வாங்க வெட்கப்படாதே, காசு இல்லையென்றால் என்னிடம் கேள்.

7. உன்னைப் பிடித்தவன்தான் உன் வாத்தியார். நான் ஆடிய காலத்தில் பக்கத்து ஊரில் ஒரு மூலைக்காரர் இருந்தார். பட்டுத் தறிக்காரர், பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் களத்துக்கு வருவார். என்னை அவர் பிடிக்காத ஆட்டமே கிடையாது. எனக்கு அவர்மேல் தீராத கோபம். இரண்டு பேரும் ஆட்டத்தை விட்ட பிறகு ஒருநாள் டீக்கடையில் கேட்டேன், “எப்படிண்ணே தெரியும், நான் எப்போ திரும்புவேன்னு?” அவர் சிரித்தார். “நீ திரும்பறதுக்கு முன்னாடி இடது தோளை இறக்குவ தம்பி. தோள் இறங்கினதும் நான் கிளம்பிடுவேன்.” அத்தனை வருடமும் ஆட்டம் முடிந்ததும் அவர் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். கோபம் விடவில்லை. நீ அன்றைக்கே போய்க் கேள். பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள், ஆட்டக்காரனுக்குத் தன் வித்தையைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் உண்டு.

8. ரைடு தனி ஆளின் வேலை என்று நினைக்காதே. நீ ஒரு புள்ளி எடுத்தால் வெளியே உட்கார்ந்திருக்கிற உன் ஆள் ஒருவன் உள்ளே வருகிறான். நீ பிடிபட்டால் நீ போய் உட்கார வேண்டும். பின்னாலிருந்து நேரம் சொல்கிறவன் குரலுக்குக் காது கொடு. ஜெயித்த அன்று அவன் பெயரையும் சேர்த்துச் சொல்.

9. தேர்வை விடாதே. விளையாட்டுச் சான்றிதழ்களை ஒரு பைலில் போட்டு வை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் காகிதம் இல்லாதவனுக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. முட்டி முப்பது வயதைத் தாண்டி உழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

10. கடைசியாக ஒன்று. உன் தங்கையும் ஆட வேண்டும் என்கிறாளாம், வீட்டில் யோசிக்கிறார்களாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகர்ப் பெண். ஆண்கள் அணியில் தங்கம் வென்ற அபினேஷ் வடுவூர்ப் பையன். இதை உன் அப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன். பெண்களுக்கான களம் 12-க்கு 8 மீட்டர்தான், சுண்ணாம்புக் கோடு போட நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு வா.