வெப்பக் கமரா எதைக் காட்டும், எதைக் காட்டாது?



கைத்தொலைபேசியில் பொருத்தும் சிறிய வெப்பக் கமராக்கள் இப்போது முன்னரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. "மண்ணுக்குள்ளே புதைஞ்ச ஆளையும் காட்டுமாமே, காசு சேர்த்து ஒண்ணு வாங்குவோமா?" என்று கேட்போர் உண்டு. வாங்குமுன் அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

எப்படி வேலை செய்கிறது?

அடுப்பை அணைத்த பிறகும் பக்கத்தில் கையை நீட்டினால் சூடு தெரியுதல்லவா? அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாத கதிராகவும் வருகிறது. அதன் பெயர் அகச்சிவப்புக் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். வெப்பக் கமரா இந்தக் கதிரைப் படமாக்குகிறது. அதற்கு வெளிச்சம் தேவையில்லை.

எதற்கு உதவும்?

1. இரவில் காணாமற்போனவரைத் தேடலாம். குளிர்ந்த மலையில் மனித உடம்பின் சூடு தனியாகத் தெரியும். அடர்ந்த செடி மறைத்தால் தெரியாது.

2. லயத்தில் தீ அணைந்த பின், கூரை மரத்தில் கனன்றுகொண்டிருக்கும் இடத்தைக் காணலாம்.

3. அளவுக்கு மீறிச் சூடேறும் வயர், பிளக்கைக் கண்டுபிடிக்கலாம். கண்டால் தொடவேண்டாம், மின்சார வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

எதைக் காட்டாது?

அது ஒரு பொருளின் மேற்புறச் சூட்டையே காட்டும். சுவர், கண்ணாடி, மண் ஆகியவற்றை ஊடுருவாது. கடும் மழையிலும் மூடுபனியிலும் பார்வை குறையும். ஆகவே, ஆழமாகப் புதைந்தவரை அது காட்டும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். மண் மூடிய பிறகு தேடுவதைவிட, மூடுமுன் வெளியேறுவதே உயிரைக் காக்கும்.

செலவில்லாத கருவி

பக்கம் நேரான, அடி தட்டையான தகர டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அடிக்கோலால் அளந்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கடும் மழையில் இடையிடையேயும் பாருங்கள். 24 மணித்தியாலத்தில்:

75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருங்கள்.

100 மி.மீ. தாண்டினால் பொருட்களைக் கட்டி, புறப்பட ஆயத்தமாகுங்கள்.

150 மி.மீ. தாண்டினால் உடனே வெளியேறுங்கள். ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தாலும் அப்படியே.

நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் மழை அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். வெளியேறிய பின் 117க்கு அறிவியுங்கள்.

காசு சேர்ந்தால் முதலில் டோர்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி வாங்குவோம். கமரா பிறகு வரட்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச:

1. நம் லயத்துக்கு மேலே வெடிப்பு உண்டா?
2. இரவில் வெளியேறினால் எங்கே கூடுவோம்?
3. நடக்க முடியாத பாட்டியை, தாத்தாவை யார் தூக்குவது?