நீலகிரியிற் கரி கூறினோர்

சாட்சி என்பது வடசொல். கண்ணாற் கண்டவன் என்பது அதன் பொருள். தமிழில் அதனைக் கரி என்பர். ஐம்புலனை அடக்கினவனது ஆற்றலுக்கு வள்ளுவர் இந்திரனையே கரியாக நிறுத்துகின்றார். சிலப்பதிகாரத்திலோ, புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் பொய்க்கரி புகன்றாரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்ணும். காணாததைக் கண்டதாகக் கூறுதல் நம் முன்னோர்க்கு உயிர்க்கேடு தரும் குற்றமாயிருந்தது. நம் ஆண்டவரும் பரமேறுமுன் சீஷரை நோக்கி, எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள் என்னும் கருத்துப்படவே மொழிந்தார். வழக்காடுவோராகவோ விலை கூறுவோராகவோ இருக்கும்படி அவர் பணித்திலர்.

இச்சொல்லை நெஞ்சிற் கொண்டு நீலகிரியின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். மலைமேல் வாழும் தோடர் பண்டைத் தோமா கிறிஸ்தவரின் வழியினர் என்றொரு வதந்தி மலையாளக் கரையில் உலாவியது. அதனை ஆராய 1603-ல் பெனிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் கள்ளிக்கோட்டையினின்று மலையேறினார். தோடப் பெண்டிர்க்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துப் போதித்து இறங்கினார், சபையொன்றும் எழவில்லை. கண்ணாடிக்கு மகிழ்ந்தார் போதனையை எவ்வளவு விளங்கிக்கொண்டாரோ! ஆயினும் அவரை நகைத்தல் தகாது. அவரைப் போக்கினவர் கேட்க விரும்பியது ஒன்று. அவர் கண்டது வேறு. கிறிஸ்தவ அடையாளம் ஏதும் அங்கில்லை என்பதை மறையாது எழுதினாரே, அது மெய்க்கரி அன்றோ?

அதன்பின் இருநூற்றாண்டுக்குமேல் கழிந்தது. கசமேஜர் என்னும் ஓய்வு பெற்ற ஆங்கில நீதிபதி கேத்திப் பள்ளத்தாக்கில் வீடமைத்து வாழ்ந்து, முதுமையிற் படகர் மொழியைக் கற்கத் தொடங்கினார். லூக்கா சுவிசேஷத்தின் ஒரு பகுதியை அம்மொழியிற் பெயர்த்தார். நீதிமன்றத்திற் பிறர் கூறுங் கரிகளைக் கேட்டே நாள் கழித்தவர், இறுதியிற் கரி கூறத் தாமே ஒரு மொழி பயின்றது எனக்கு வியப்பைத் தருகின்றது. 1846-ல் பாசல் மிஷன் கேத்தியில் ஊழியந் தொடங்கிற்று. 1849-ல் அவர் இறந்தபோது அவருடைய செல்வம் அம்மிஷனுக்கே சென்றது.

அம்மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் ஐயர் ஊரூராய் நடந்து படகரிடமும் தோடரிடமும் பேசிப் பழகினார். முதற்படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். ஊழியந் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டாகியும் ஒருவரே! ஆண்டறிக்கை எழுதுவோர்க்கு இஃது எத்துணைச் சங்கடம்! ஆனால் அவ்வாண்டுகளில் மெட்ஸ் ஐயர் வாளாவிருந்திலர். மலைமக்களைப் பற்றி 1856-ல் ஒரு நூல் எழுதினார். தோடரின் சொற்களையும் வாக்கியங்களையும் திரட்டினார். அத்திரட்டைக் கொண்டே நம் போப் ஐயர் தோடமொழிக்கு ஓர் இலக்கணச் சுருக்கம் வரைந்தார். அது 1873-ல் மார்ஷல் என்பார் தோடரைப் பற்றி வெளியிட்ட நூலுடன் அச்சேறியது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கியவரை நாம் அறிவோம். மிகச் சிலரே பேசும் அம்மொழிக்கும் அவர் பணி செய்தாரென்பதைத் தமிழ் மாணவருட் பலர் அறியார்.

இவற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் கல்வியன்று, வெட்கமே. சென்ற விடுமுறையில் விடுதித் தோழனொருவன் குன்னூருக்கு அப்பாலுள்ள தன் படகர் ஊருக்கு என்னை அழைத்தேகினான். அவன் பாட்டியார் தேநீர் தந்து, நான் அணிந்திருந்த சிலுவையைச் சுட்டி ஏதோ வினவினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தோழன் நகைத்து, “இதைப் பற்றிச் சொல் என்கிறார்கள், நீதான் ஓயாமற் பேசுவாயே, சொல்” என்றான். ஜெப வீடுகளில் அரைமணி பேசிப் பழகிய என் நா எழவில்லை. அவனே மொழிபெயர்க்க முன்வந்தான். நான் கூறியதோ நினைவிலிருந்த பிரசங்க வாக்கியம். பாட்டியார் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார். “இதெல்லாம் நீ எங்கே கண்டாய் என்கிறார்கள்” என்றான் தோழன்.

பூதத்தின் பாசம் என் தோளில் விழுந்தாற்போலிருந்தது. சிறிது நேரம் மௌனமாயிருந்தேன். பின்னர், என் தகப்பனார் நோயுற்றுக் கிடந்த இரவுகளையும், அன்று எங்கள் இல்லத்தில் எவ்வாறு ஜெபித்தோம் என்பதையும், நான் கண்ட அளவில் நாலைந்து வாக்கியங்களிற் சொன்னேன். அவர் ஒன்றும் கூறாது என் குவளையில் மீண்டும் தேநீர் வார்த்தார்.

இப்பொழுது இரவுதோறும் விளக்கணையுமுன் தோழன் எனக்குப் பத்துப் படகச் சொற்கள் கற்பிக்கிறான். என் உச்சரிப்பைக் கேட்டு அறையிலுள்ளார் அனைவரும் சிரிக்கின்றனர்.