கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிய வேண்டும்

புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் சேருபவர்களுக்கு ஒரு தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் கொடுப்பார்கள். அவற்றைத் தமிழாக்குவதுதான் பல ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் வேலை. படிக்கப்போகிறவர் மருத்துவமனை வராந்தாவில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவருக்கு விளங்கும் எளிய மொழியில் தகவல் இருக்க வேண்டும் என்று இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளே சொல்கின்றன. நெறிமுறைக் குழுவும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இத்தனை காவல் இருந்தும், படித்தால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருக்கும் படிவங்கள் முத்திரையோடு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதல் கோளாறு, நாம் கேள்வி கேட்பதில்லை. கோப்பு வந்ததும் தட்டச்சில் உட்கார்ந்துவிடுகிறோம். நான் முழுவதையும் ஒருமுறை படித்து, சந்தேகங்களைப் பட்டியலிட்டு ஒரு க்யூரி ஷீட் போட்ட பிறகுதான் தொடங்குவேன். தமிழ் என்றால் எந்த நாட்டுத் தமிழ்? இலங்கை நோயாளிக்கு என்றால் மாத்திரை குளிசையாக வேண்டும், மருத்துவமனை வைத்தியசாலையாக வேண்டும். ஒரு மருந்தை ஓரிடத்தில் ஒரு பெயரிலும் சில பக்கம் தள்ளி வேறு பெயரிலும் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா? 'மருத்துவர் முடிவு செய்வார்' என்றால் ஆய்வை நடத்தும் மருத்துவரா, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரா? பதில் வரும்வரை அந்தப் பத்திகளைத் தொட மாட்டேன். கேட்டால் விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று இளையவர்கள் தயங்குகிறார்கள். பெரிய கோப்பை ஒரு கேள்விகூட இல்லாமல் திருப்பித் தருகிறவரைக் கண்டால்தான் விவரம் தெரிந்த ப்ராஜெக்ட் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்தத் துறையில் எல்லோரும் மலைபோல் நம்புவது பேக் டிரான்ஸ்லேஷனை. மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் நம் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். தமிழ் தெரியாத கிளையண்ட் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். எண் மாறியது, ஒரு வரி விட்டுப்போனது, 'கூடாது' என்பது 'கூடும்' ஆனது எல்லாம் இதில் சிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோணல் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழ் எழுத்தில் அடுக்கிவைத்தால், திரும்பிப் போகும் ஆங்கிலம் மூலத்தோடு அச்சாகப் பொருந்தும். நோயாளிக்குப் புரியட்டும் என்று வாக்கியத்தை உடைத்து எழுதினாலோ, 'இங்கே ஏன் மாறியிருக்கிறது?' என்று சிவப்புக் குறிப்பு வரும்.

'உங்களால் திரும்பப் பெறப்படும் ஒப்புதலானது உங்களுக்கு வழங்கப்படும் வழக்கமான சிகிச்சையின் மீது எந்தவொரு தாக்கத்தையும் ஏற்படுத்தாது' என்கிற ரகத்தில் எழுதினால் பேக் டிரான்ஸ்லேஷனில் நூற்றுக்கு நூறு. 'நடுவில் விலகிக்கொண்டாலும் உங்களுக்கு வழக்கமாகத் தரும் சிகிச்சை அப்படியே தொடரும்' என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். இரண்டு வரி விளக்கம் எழுதி அனுப்புவதும் கூலிக்குள் அடங்கிய வேலைதான். அந்தச் சிவப்புக் குறிப்புக்குப் பயந்தே நம்மில் பலர் விறைப்பான தமிழ் எழுதப் பழகிவிட்டோம்.

ஆகவே பேக் டிரான்ஸ்லேஷனுக்குப் போகும் முன்பே, தொழிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் முக்கியமான பத்திகளை வாசித்துக் காட்டுவேன். கிளையண்டின் அனுமதி வாங்கி, மருந்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் வெளியே போகாமல்தான். 'புரிந்ததா?' என்று கேட்கக் கூடாது. நம் ஆட்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். 'என்ன சொல்லியிருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். 'சிலருக்கு மருந்துப்போலி தரப்படும்' என்று வாசித்தபோது, 'போலி மருந்தா கொடுப்பாங்க?' என்று ஒரு அம்மா பதறினார். எந்த க்ளாசரியும் அந்தச் சொல்லைத் தவறு என்று சொல்லாது. அதற்குப் பிறகு, 'பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது' என்ற விளக்கம் இல்லாமல் அந்தச் சொல்லை நான் விடுவதில்லை.

மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாமவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பது 2015இல் வந்த ஐஎஸ்ஓ 17100 தரநிலையின் கட்டாயம். நல்ல விதிதான். அந்த இரண்டாமவர் 'மேலும்' என்பதை 'அத்துடன்' ஆக்கிப் பக்கத்தைச் சிவப்பாக்கிவிட்டு, 'இரண்டு நாளைக்கு ஒரு முறை' என்பது 'ஒரு நாளைக்கு இரண்டு முறை' ஆகியிருப்பதைத் தாண்டிப் போவதும் நடக்கிறது. ரிவியூ செய்யும்போது நான் முதல் சுற்றில் நடையைப் பார்ப்பதே இல்லை. எண், அளவு, எதிர்மறை, 'இருந்தால்', 'தவிர' போன்ற நிபந்தனைகள் மட்டும்தான். ரசனை பிறகு.

இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததைத் திருத்தும் வேலைக்கும் அதே வரிசைதான். முன்பு அதன் தமிழ் கரடுமுரடாக இருந்ததால் தவறு கண்ணில் குத்தியது. இப்போது வழுவழுப்பாக வருகிறது, விட்டுப்போன ஒரு 'இல்லை' உறுத்துவதே இல்லை. மூலத்தைப் படித்துவிட்டுத் தமிழுக்கு வாருங்கள். முந்தைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்துவைக்கும் டிஎம்மில் (டிரான்ஸ்லேஷன் மெமரி) இருந்து நூறு சதவீதப் பொருத்தமாக வரும் பழைய வரிகளுக்குப் பல ஏஜென்சிகள் காசு தருவதில்லை, அதனால் யாரும் படிப்பதும் இல்லை. பழைய தவறுகள் குடியிருப்பது அங்கேதான்.

கடைசியாக லேஅவுட். தமிழ் தெரியாதவர் இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுவார். அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடும். கட்டத்துக்குள் அடங்காத கடைசி வரி சத்தமில்லாமல் காணாமல்போகும். அதுவரை நடந்த எந்தச் சோதனையிலும் இது தெரியாது.

ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சுக்குப் போகும் முன், பக்கம் கட்டி முடித்த பிடிஎஃப்பை மொழிபெயர்த்தவருக்கு ஒரு முறை அனுப்புங்கள். சில மணி நேர வேலை. அதற்கு அவர் தனியாக பில் போட்டால் கொடுத்துவிடுங்கள்.